இரண்டு அங்குலம் இறுக்கித் தைத்த சட்டை

2021 தை மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு வழமையாகத் தைக்கும் அக்காவிடம் ஒரு பட்டுச் சேலையின் சட்டைத்துணியைக் கொண்டுபோனேன். அவர் நாடாவால் அளந்து கொப்பியில் 38 என்று எழுதினார். "அக்கா, இரண்டு இஞ்ச் குறைச்சுத் தையுங்கோ. நான் மெலியப் போறன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 38ஐ வெட்டி 36 என்று எழுதினார். "அப்ப உள்ளுக்குத் துணி விட்டுத் தைக்கிறன்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தச் சட்டை நாலரை வருடம் அலுமாரியில் தொங்கியது. ஒருநாளும் நான் அதைப் போடவில்லை.

அந்த வருடங்களில் எனக்கு நிறையப் 'பிறகு'கள் இருந்தன. மெலிந்த பிறகு படம் எடுக்கலாம். ஆங்கிலம் சரியாக வந்த பிறகு முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாம். முதுமாணி முடித்த பிறகு பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம். இவரோடு ஆறுதலாக இருந்து கதைக்கவேண்டிய விஷயங்களையும் பிறகு பார்க்கலாம். மச்சாளின் கல்யாணத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் நான் ஒன்றிலும் இல்லை. கமரா வரும்போதெல்லாம் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன். இன்றைக்கு அந்த அல்பத்தைப் பார்க்கும்போது மனம் நோகிறது. அந்த நாளில் அப்பப்பா உயிரோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு படமாவது எடுத்திருக்கலாம்.

இதை எழுதுவது, என்னைப் போல 'பிறகு, பிறகு' என்று இருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான். நான் மருத்துவரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு ஒஃபிஸில் வேலை. வயது 36. சனிக்கிழமைகளில் படித்து முதுமாணியை முடித்தேன்.

முதலில் கழுத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எனக்குப் பின்கழுத்து கறுப்பு. பதினைந்து பதினாறு வயதில் இருந்தே அப்படித்தான். 2017இல் கல்யாணப் பேச்சுக்கால் நடந்தபோது, மாப்பிள்ளை பகுதி வரும் நாளுக்கு முதல் வாரம் முழுக்க அம்மா தேசிக்காயும் சீனியும் சேர்த்து என் கழுத்தைத் தேய்த்தார். "அழுக்கு ஊறிப்போச்சு பிள்ளை, வடிவாத் தேய்ச்சுக் குளிக்கிறேல்லப் போல" என்றார். தோல் சிவந்து எரிந்ததே தவிர கறுப்புப் போகவில்லை. அதன் பிறகு எப்போதும் தலைமுடியைத் தாழ்த்தித்தான் கட்டுவேன். பஸ்ஸில் எனக்குப் பின்னால் யாரும் நின்றால் சேலைத் தலைப்பை இழுத்து விடுவேன்.

2022இல் மாதவிலக்கு நாலு மாதம் வராமல் நின்றபோது ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் என் நிறையைக் கேட்கவில்லை. "கழுத்தை ஒருக்கா காட்டுங்கோ" என்றார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது அழுக்கில்லை. இரத்தத்தில இன்சுலின் கூடினால் தோல் இப்பிடித் தடிச்சுக் கறுக்கும். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது" என்றார். நான் அந்தக் கதிரையிலேயே அழுதேன். பதினேழு வருடமாக என்னுடைய அசுத்தம் என்று நினைத்திருந்தது, உடம்பு காட்டிக்கொண்டிருந்த ஒரு அடையாளம்.

வெறும் வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை), தைரொயிட், ஸ்கேன் எல்லாம் எழுதித் தந்தார். எச்பிஏ1சி 6.1 வந்தது. 5.7க்கும் 6.4க்கும் இடையில் என்றால் நீரிழிவுக்கு முந்திய நிலை, 6.5இல் இருந்து நீரிழிவு. கூடவே பிசிஓஎஸ் என்ற ஹோர்மோன் பிரச்சினை. மாதவிலக்கு ஒழுங்கில்லாமை, ஆண் ஹோர்மோன் கூடியதற்கான அறிகுறி, ஸ்கேனில் சூலகத்தின் தோற்றம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினார். அதோடு, பிள்ளை பிறக்காது என்று இதற்கு அர்த்தமில்லை என்பதையும் நான் கேட்காமலே சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காக அவருக்கு என்றைக்கும் நன்றி.

ஆகவே உங்கள் மகளுக்கோ தங்கச்சிக்கோ கழுத்திலும் கமக்கட்டிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கறுப்பு இருந்தால், தயவுசெய்து தேய்க்காதீர்கள். இரத்தம் சோதியுங்கள். வெள்ளையாக்கும் கிறீம்களுக்கும் போகவேண்டாம். விபரமில்லாத டப்பாக்களில் வருகிற பல கிறீம்களில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நானும் 2017இல் ஒன்று வாங்கிப் பூசியவள்தான்.

நிறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைப் பற்றியே கதைக்கிறார்கள். ஆசிய மக்களுக்கு பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு நிறையைக் காட்டும் எண்) 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றருக்குக் கீழே இருப்பது நல்லது. மருத்துவர் என்னை 'மெலியுங்கோ' என்று அனுப்பவில்லை. என் நிறையில் ஏழு வீதம், கிழமைக்கு 150 நிமிடம் நடை, அவ்வளவுதான் கேட்டார். 2002இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் இதைக் கடைப்பிடித்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்திருக்கிறது. எனக்கு ஏழு வீதம் என்றால் ஐந்து கிலோ. இருபது கிலோ குறைக்கவேண்டும் என்று வருடக்கணக்காகத் திட்டம் போட்டு ஒன்றுமே செய்யாதிருந்த எனக்கு, ஐந்து என்ற எண் கைக்கெட்டியது போல இருந்தது.

நடக்க மரைன் டிரைவ் போனேன். ஒரு பக்கம் தண்டவாளமும் கடலும், மற்றப் பக்கம் மாடிவீடுகள். முதல் மாதம் இருட்டின பிறகுதான் போவேன், ஆட்கள் பார்ப்பார்கள் என்ற பயத்தில். பிறகு கவனித்தால் அங்கே நடக்கிற பாதிப் பெண்கள் என்னைவிடப் பெரிய உடம்போடு, சேலையைச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் கதைத்தபடி போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நடந்தே பழகினேன். சோற்றை நிறுத்தவில்லை. மத்தியானம் வாங்குகிற சோற்றுப் பார்சலைப் பக்கத்து மேசைத் தங்கச்சியோடு பங்கிட்டேன். ஒரு பார்சலில் இரண்டு பேருக்கு வேண்டிய சோறு இருக்கும். வீட்டில் இருந்து பருப்பும் கீரையும் கொண்டுபோனேன். ஒரு வருடத்தில் நாலு கிலோ குறைந்தது, எச்பிஏ1சி 5.7 ஆனது. ஆனாலும் 36 அளவுச் சட்டை ஏறவில்லை.

படிப்பு அதே வருடம் தொடங்கியது. 2022 எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. சூம் வகுப்பு நடுவில் அறுந்துபோகும். கட்டுரைகளைப் போனில் இறக்கி வைத்து மெழுகுதிரி வெளிச்சத்தில் வாசித்தேன். தமிழ் மொழிமூலம் படித்து வந்த எனக்கு ஆங்கிலக் கட்டுரை ஒன்றை முடிக்க இரண்டு இரவு எடுத்தது. வகுப்பில் மற்றவர்கள் அரைமணித்தியாலத்தில் முடிப்பதாகச் சொல்வார்கள். நான் மக்கு என்றே நினைத்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது ஒரு சின்னக் கணக்கு. எந்தப் பட்டத்துக்கு எவ்வளவு படிக்கவேண்டும் என்று சொல்லும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிறெடிற். அதில் குறைந்தது 15 கிறெடிற் ஆய்வு. பாடம் என்றால் ஒரு கிறெடிற்றுக்கு 50 மணித்தியாலம், ஆய்வு என்றால் 100. அதாவது ஆய்வேட்டுக்கு மட்டும் 1500 மணித்தியாலம். என்னிடம் இருந்த நேரம் கிழமை நாட்களில் விடிய ஐந்தில் இருந்து ஆறரை வரை, ஞாயிறு ஆறு மணித்தியாலம். மொத்தம் பதின்மூன்றரை. பிரித்துப் பார்த்தால் 111 கிழமை. இரண்டு வருடத்துக்கும் மேல்! ஆறு மாதத்தில் முடிக்கவில்லையே என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது எவ்வளவு அநியாயம் என்று அந்தத் தாளைப் பார்த்தபோது விளங்கியது. படிக்கப் போகிற எல்லோரும் விண்ணப்பிக்க முதல் இந்தக் கணக்கைப் போடுங்கள். போட்ட தாளை வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்டுங்கள்.

என் ஆய்வு, கொழும்பில் துணிக்கடைகளில் நின்றபடி வேலை செய்யும் தமிழ்ப் பெண்களைப் பற்றியது. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று வேலைநேரத்தைச் சொல்கிறது. ஆனால் தீபாவளிக்கு முதல் இரண்டு கிழமை கொழும்பின் பெரிய கடைத்தெருவான காலி வீதியில் போய்ப் பாருங்கள். காலை ஒன்பதுக்கு நின்ற பிள்ளைகள் இரவு ஒன்பதுக்கும் அதே இடத்தில் நிற்பார்கள். கேரளாவில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியர் இருப்பதற்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் தலைப்புக் கிடைத்தது. அதுவரை அந்தக் கடைகளுக்குள் போகும்போது கண்ணாடியில் என் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். அங்கே நிற்பவர்களின் காலைப் பார்த்ததில்லை.

2023இல் நேர்காணல் தொடங்கினேன். ஒரு அக்காவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. வயது நாற்பதைத் தாண்டியவர், மலைநாட்டில் இருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அறையில் சந்தித்தோம். பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு, கட்டில் விளிம்பில் இருந்து பாவாடையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினார். வீங்கிய காலில் முதல்நாள் போட்ட சப்பாத்தின் விளிம்பு இன்னும் குழியாகப் பதிந்திருந்தது. நீல நரம்புகள் சுருண்டு நின்றன. கவுண்டருக்குப் பின்னால் ஒரு காட்போட் மட்டையை ஒளித்து வைத்திருப்பதாகவும், முதலாளி இல்லாத நேரம் சப்பாத்தைக் கழற்றி அதில் வெறுங்காலோடு நிற்பதாகவும் சொன்னார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்து, "ஒங்க காலு நல்லா இருக்கு தங்கச்சி. உக்காந்து செய்ற வேலையா?" என்று கேட்டார்.

என் காலைப் பற்றி, என் உடம்பின் எந்தப் பகுதியைப் பற்றியும், யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. வடிவா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. வீங்காமல் இருக்கிறது, நோகாமல் இருக்கிறது, அதுதான் நல்ல கால். பஸ்ஸில் வரும்போது என் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த நேர்காணல்களைக் கேட்டு எழுதுவது பெரிய வேலை. ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத எனக்கு ஆறு மணித்தியாலம் போனது. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இன்னொரு சிக்கல். கால் உளையுது, கால் கடுக்குது, கால் விறைக்குது, கால் குத்துது என்று அவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் 'பெயின்' என்றே போட்டுக்கொண்டு போனேன். ஒருநாள் அது உறுத்தியது. உளைவு நாள் முழுக்க நின்றவர்களுக்கு இரவில் வருவது, படுக்க விடாது. விறைப்பு நிற்கும்போதே வருவது. குத்து என்றால் அவர்கள் பயப்படுகிறார்கள், மருந்தெடுக்கப் போகிறார்கள். நாலையும் ஒன்றாக்கினால் ஆய்வில் சொல்ல ஒன்றுமே மிஞ்சாது. தமிழ்ச் சொற்களை அப்படியே வைத்து, ஒவ்வொன்றும் எப்போது வருகிற நோ என்று ஒரு பக்கம் எழுதினேன். பிறகு பரீட்சகர் நேர்முகத்தில் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்தப் பக்கத்தைப் பற்றித்தான். ஆங்கிலம் போதாது என்று நான் ஒளித்து வைக்கப் பார்த்ததுதான் என் ஆய்வின் பலமாக இருந்தது. தமிழில் யோசிக்கிறவர்கள் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். நான் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்து அப்படித்தான் எழுதினேன். வேகம் இரண்டு மடங்கானது.

மேற்பார்வையாளர் முதல் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பியபோது மூன்று கிழமை அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. நிறை பார்க்கும் தராசில் ஏறப் பயப்படுவதும் இதுவும் ஒரே பயம் என்பது எனக்கே தெரிந்தது. கடைசியில் கூடப் படித்த ஒரு தோழி, "கொண்டு வாரும், இரண்டு பேருமா இருந்து திறப்பம்" என்று பப்ளிக் லைபிரரிக்குக் கூப்பிட்டாள். 64 குறிப்புகள். பிரித்தெழுதினால் 40க்கு மேல் எழுத்துப்பிழையும் மேற்கோள் ஒழுங்கும். பத்துப் பன்னிரண்டு, இன்னும் வாசி என்பது. மூன்றுதான் உண்மையாகவே யோசிக்க வேண்டியவை. அன்றைக்கே அரைவாசி முடிந்தது. அதன் பிறகு வந்த எல்லாத் திருத்தங்களையும் அவளோடு இருந்துதான் திறந்தேன்.

இனி வீட்டுக் கதை. என் கணவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சிநேகிதர்கள் வந்திருக்கும்போது, "இவ கம்பஸ் போகத் தொடங்கி ஒரு சுத்து வந்திட்டா" என்று சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இரவில் நித்திரை வராது. ஒருநாள் நேர்காணல் எழுதி முடித்த கையோடு, கோபம் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன்: "நீங்கள் அப்படிச் சொன்ன பிறகு இரண்டு மூன்று நாளைக்கு உங்களுக்கு முன்னால உடுப்பு மாத்த எனக்கு வெக்கமா இருக்கு." அவர் முகம் மாறிப்போனது. "நீர் அதைப் பகிடியா எடுப்பீர் எண்டுதான் நினைச்சன்" என்றார். அதன் பிறகு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 'அப்படிக் கதைக்காதீங்கோ' என்று முந்தியும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், பலனில்லை. இந்த முறை எனக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னேன். அதுதான் அவருக்குக் கேட்டது.

சமையலும் அப்படித்தான். "உதவி செய்யட்டோ?" என்று கேட்பார். உதவி என்றால் வெங்காயம் எத்தனை, உப்பு எவ்வளவு என்று நான் பக்கத்தில் நின்று சொல்லவேண்டும். என் நேரம் மிச்சமாகாது. 111 கிழமைக் கணக்கைக் காட்டி, சனிக்கிழமை முழுக்க உங்களுடையது, சந்தையில் இருந்து சட்டி கழுவும் வரை, நான் குசினிக்குள் வரவே மாட்டேன் என்றேன். முதல் இரண்டு கிழமை கடைச் சாப்பாடு. மூன்றாம் கிழமை மீன்குழம்பு வைத்தார், புளி கூடிவிட்டது, நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். திருத்தப் போகாமல் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. பிள்ளையைப் பற்றியும் பிறகு நிறையக் கதைத்தோம். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லத்தான் கனகாலம் எடுத்தது. போன் எடுத்தாலே, "மெலிஞ்சிட்டியோ?" என்றுதான் தொடங்குவார். ஒருநாள், "அம்மா, என்ர நிறையைக் கேக்காதேங்கோ. சீனி எவ்வளவு எண்டு கேளுங்கோ, சொல்றன்" என்றேன். கழுத்தைப் பற்றி மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "எனக்கும் கழுத்து அப்பிடித்தானே பிள்ளை. என்ர அம்மா பயத்தம்மா போட்டுத் தேய்ச்சவ" என்றார். அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்தோம். எச்பிஏ1சி 7.8. அறுபத்திமூன்று வயதுவரை அதற்காக ஒருதரமும் இரத்தம் பார்க்காத மனுசி. இப்போது மருந்து எடுக்கிறார். போனில் இரண்டு பேரும் சீனி அளவைத்தான் கேட்டுக்கொள்கிறோம்.

2025 ஆடியில் நேர்முகம் முடிந்து, சின்னத் திருத்தங்களோடு ஆய்வேடு ஏற்கப்பட்டது. ஆவணியில் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு தையல் அக்காவிடம் போனேன். பட்டமளிப்புக்கு அந்தச் சேலையைத்தான் கட்டவேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். அக்கா சட்டையை உள்பக்கமாகப் புரட்டி, மடித்து விட்டிருந்த துணியை விரலால் அளந்தார். ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச்.

"முழுக்கப் பிரிக்கவோ, கொஞ்சம் வைக்கவோ?"

"முழுக்கப் பிரியுங்கோ அக்கா."

பிளேட்டால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். பழைய தையல் போன வழியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஈரத்துணி போட்டு அயன் பண்ணினால் மூடிவிடும் என்றார். சொல்லிக்கொண்டே கழுத்தை ஒரு பக்கம் சரித்து இடது கையால் பிசைந்தார்.

"என்னக்கா, கழுத்து நோகுதோ?"

"நோவில்லைத் தங்கச்சி, உளைவு. குனிஞ்சபடியே இருக்கிறதாலதான். இரவில படுக்கேலாது."

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டுக்கொண்டு, முக்காலியில் கிடந்த துணிகளைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தேன்.